மருத மரத்துக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர்

ஜவுபருக்கு வீதிப் போக்குவரத்தில் ஆசை என்று ஒன்றும் இருந்ததில்லை. வரிப்பத்தான்சேனையில் அவருடைய வாப்பாவுக்கு இருந்தது மூன்று ஏக்கர் வயல்; ஆண்பிள்ளைகளோ நான்கு பேர். மூன்றாவது பிள்ளை வேறு வழி பார்க்கத்தான் வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டு பொலிசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்பாறைக்குப் போனார். உயரம் போதும் என்றார்கள். பயிற்சி முடிந்ததும் கொழும்பில் ஒரு நாற்சந்தியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேயே பதினாறு வருடம் போய்விட்டது.

அந்தப் பதினாறு வருடத்தில் அவர் சிங்களம் கற்றார், வெயிலில் அசையாமல் நிற்கக் கற்றார், எந்தச் சாரதி நிற்பான், எவன் நிற்கமாட்டான் என்பதை வண்டி வருகிற சத்தத்திலேயே கண்டுபிடிக்கவும் கற்றார். இடையில் சாய்ந்தமருதில் ஸுல்பிகாவைக் கலியாணம் முடித்தார். பெண் வீட்டிலேயே மாப்பிள்ளை தங்குவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் ஜவுபர் அந்த வீட்டில் தங்கியது லீவு நாட்களில் மட்டும்தான். 1977 கடைசியில் ஊருக்கு மாற்றம் கிடைத்து, இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, பத்து வயதான மூத்த மகள் றாஹிலா அவருக்கு விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலத் தட்டில் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். அன்றைக்கு ஜவுபர் அந்தத் தேத்தண்ணியை மிகக் கஷ்டப்பட்டுத்தான் குடித்து முடித்தார்.

கல்முனைப் பட்டினத்துக்குள், சந்தைப் பக்கம் திரும்புகிற சந்தியில் அவருக்கு வேலை. சம்மாந்துறையிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள், மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள், மாட்டு வண்டிகள், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு சந்தியால்தான் போக வேண்டும். கொழும்பில் அவருக்கு ஒரு சாரதியையும் தெரியாது. இங்கே எல்லாரையும் தெரியும். தெரியாதவர்களுக்கு ஸுல்பிகாவைத் தெரிந்திருந்தது. உழவு இயந்திரம் ஓட்டும் அச்சிமுகம்மது, சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் ஆளை இருத்திக்கொண்டு வந்தால் மறித்துச் சொல்வார்.

“அச்சிமுகம்மது காக்கா, மட்காட்டில ஆள ஏத்தாதீங்க எண்டு போன கிழமையும் சொன்னன். அவர இறக்கிப்போட்டுப் போங்க. நடந்து வரட்டும்.”

“தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போறவர்.”

“அப்ப பின்னால பெட்டியில ஏத்துங்க, மூட்டைக்கு மேல. மட்காட்டில இருந்து விழுந்தா ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்ல, மையவாடிக்குத்தான்.”

அச்சிமுகம்மது ஆளை இறக்கிப் பெட்டியில் ஏற்றுவார். ஜவுபர் வழிவிடுவார். எழுத்து இல்லை, வழக்கு இல்லை. வருட முடிவில் நிலையத்தில் கணக்குப் பார்த்தபோது ஜவுபர் போட்ட வழக்குகள் மொத்தம் பதினொன்று. அந்தச் சந்தியில் அந்த வருடம் ஒருவரும் சாகவில்லை என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுத இடமிருக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் தனியார் வேன்கள் வந்தன. பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போன சனத்துக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் இரண்டு வேன் ஒரே நேரத்தில் கல்முனையில் புறப்பட்டால், காரைதீவில் நிற்கிற ஆட்களை ஏற்றப்போவது முந்திப் போகிறவன்தான். அதனால் எல்லாரும் முந்தப் பார்த்தார்கள். ஹோன் சத்தம் கேட்டுக் கோழிகள் மட்டுமல்ல, மாடுகளும் வீதியை விட்டு ஓடப் பழகிக்கொண்டன.

அந்த வேன்காரர்களில் ஒருவன் மீராசாஹிபு. ஸுல்பிகாவின் ஒரே தம்பி. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடுவான். கெட்டவன் இல்லை, கை சுறுசுறுப்பு, கால் அதைவிடச் சுறுசுறுப்பு. மூன்று தரம் ஜவுபர் அவனைச் சந்தியில் மறித்தார். மூன்று தரமும் ஏசிவிட்டு விட்டார்.

“மச்சான், நான் மெதுவாத்தான் வந்தன்.”

“பொய் கதைக்காத. ஒன்ட வேன்ட சத்தம் எனக்கு பள்ளிவாசலடியில வரக்குள்ளயே கேட்ட.”

“இனி மெதுவா வாறன். அல்லாஹ்வுக்காக விடுங்க.”

நாலாம் தரம் ஜவுபர் கையைத் தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதை இரண்டு தேத்தண்ணிக் கடையிலும் ஒரு சலூனிலும் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ‘ஜவுபர் நானாட கை மச்சான்ட வேனுக்கு எழும்பாது’ என்று ஒரு கதை ஊருக்குள் புறப்பட்டு, அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னமே வீட்டை அடைந்துவிட்டது. அவருக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

1981இல் நிலையத்துக்குப் புதிய உப பரிசோதகர் ஒருவர் வந்தார். பெயர் கனகசபாபதி. மெலிந்த ஆள், சத்தம் போடாதவர், எதையும் கோடு போட்டு எழுதிவைப்பவர். வந்த இரண்டாம் கிழமை ஜவுபரை உள்ளே கூப்பிட்டு மேசையில் ஒரு சிறு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பள்ளிக்கூட ஓட்டப்போட்டிக்கு எடுப்பதுபோல ஒரு ஸ்டொப் வோச் இருந்தது.

“ஜவுபர், காரைதீவு தாண்டினா வயல் வெளியில றோட்டு நேரா கிடக்கு தானே. அதில ரெண்டு வெள்ளைக் கோடு போடப்போறம். ஒரு கோட்டுக்கும் மற்றக் கோட்டுக்கும் இடையில இருநூற்றி இருபது யார் தூரம். முதல் கோட்டில நம்மட கொன்ஸ்டபிள் கதிர்காமன் மறைஞ்சி நிண்டு, வண்டி கோட்டத் தாண்டக்குள்ள துணிய அசைப்பார். நீங்க மற்றக் கோட்டில இருந்து இத அமத்துங்க. வண்டி உங்களத் தாண்டக்குள்ள திரும்ப அமத்துங்க. பதினைஞ்சி செக்கனுக்குக் குறைஞ்சா முப்பது மைல் வேகத்துக்கு மேல, நம்பர எழுதுங்க. அழைப்பாணை வீட்டுக்குப் போகும்.”

“மறிக்கிறல்லையா சேர்?”

“ஓடி மறிக்க நம்மளுக்கு ஆக்கள் இல்ல. மறிச்சா அடுத்த வேன்காரன் கண்டுடுவான். எழுதினாப் போதும்.”

ஜவுபர் கடிகாரத்தை ஒரு தரம் அமத்திப் பார்த்தார். பிறகு, “சேர், நான் சந்தியில நிண்டா அவனுகள் மெதுவாத்தான் போறானுகள்” என்றார்.

“ஓம். நீங்க நிக்கிற நூறு யார் தூரத்துக்கு. அதுக்கு அங்கால?” கனகசபாபதி பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். “இன்னொண்டும் கேக்கிறன், குறை நினைக்காதீங்க. இந்த வழக்குகளில உங்கட சொந்தக்காரர் ஒருத்தராவது இரிக்காரா?”

ஜவுபர் பதிவேட்டை மூடி வைத்தார். கடிகாரத்தை எடுத்துக்கொண்டார்.

வாய்க்கால் பாலத்துக்கு இப்பால் ஒரு மருத மரம் நின்றது. அதன் பின்னால் ஒரு பலகைக் கட்டை போட்டு ஜவுபர் இருந்தார். முதல் கிழமையில் நாற்பத்து மூன்று வழக்குகள். நிலையத்தில் எல்லாரும் வியந்தார்கள். நாற்பத்து மூன்றில் ஏழாவது, மீராசாஹிபுவின் வேன். ஒன்பது செக்கன். துணி அசைந்ததும் அமத்தினார்; வேன் தாண்டியதும் அமத்தினார்; நிமிர்ந்து பார்த்தபோதுதான் பின்பக்க நம்பர் தெரிந்தது. பேனை கொஞ்ச நேரம் கையிலேயே நின்றது. கதிர்காமன் தூரத்திலிருந்து அடுத்த வண்டிக்குத் துணியை அசைத்துவிட்டார். அதைத் தவறவிட்டுவிட்டு, ஜவுபர் மச்சானின் நம்பரை எழுதினார்.

அழைப்பாணை போன அன்று ஸுல்பிகா சோறு போட்டுக் கறிச்சட்டியை எட்ட வைத்தாள்.

“என்ட தம்பிட நம்பரயா எழுதின நீங்க?”

“நான் எங்க எழுதின? மணிக்கூடு காட்டின, எழுதின.”

“மணிக்கூட்டப் புடிச்ச கை ஆர்ர கை?”

“ஸுல்பிகா, அவனுக்கு முன்னால போன ஆறு பேரயும் எழுதிப்போட்டு இவன மட்டும் விட ஏலுமா?”

“மரத்துக்குப் பின்னால ஒளிச்சிருந்து எழுதியிருக்கீங்க. மறிச்சி ஏசியிருந்தா அவன் கேட்டிருப்பான். நீங்க அவன மறிச்சிக் கதைக்கவுமில்லையே.”

அந்தக் கடைசி வார்த்தை ஜவுபரைக் குத்தியது. அது உண்மை. சந்தியில் நின்றபோது அவர் ஆட்களோடு கதைத்தார். அதனால் சிலரை விட்டுவிட்டார். மரத்துக்குப் பின்னால் ஒருவரையும் விடவில்லை, ஒருவரோடும் கதைக்கவுமில்லை. மீராசாஹிபு நீதிமன்றத்துக்கு வந்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டான், அக்காவின் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். பெருநாளுக்கும் வரவில்லை.

மூன்று மாதம் போனது. வழக்குகள் கொஞ்சம் குறைந்தன. ஆனால் வேன்காரர்கள் மருத மரத்தைத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். எதிரே வருகிறவன் பகலிலும் லைட்டை அடித்துக் காட்டுவான்; மரத்தடியில் எல்லாரும் மாட்டு வண்டிபோலப் போவார்கள், பாலம் தாண்டியதும் பறப்பார்கள். கனகசபாபதி கோடுகளை இடம் மாற்றினார். அவர்கள் அதையும் கண்டுபிடிக்கப் பத்து நாள் எடுத்தது. அந்தப் பத்து நாளும் வீதி முழுவதும் மெதுவாக ஓடியது என்பதையும் ஜவுபர் கவனித்தார். எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத நாட்களில் சாரதிகள் எல்லா இடத்திலும் பயந்தார்கள்.

1982 பெப்ரவரியில் கோடுகள் திரும்பவும் பழைய இடத்துக்கு வந்திருந்தன; வேன்காரர்கள் அதை இன்னும் அறியவில்லை. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. காலை பத்து மணி இருக்கும். ஜவுபர் மரத்துக்குப் பின்னால் இருந்தார். காரைதீவிலிருந்து மீன் விற்கப் போகிற பாலம்மா தலையில் கூடையோடு பாலத்தடியில் நடந்துவந்தாள். அவளை அவருக்குத் தெரியும்; கிழமையில் மூன்று நாள் ஸுல்பிகா அவளிடம்தான் கீரிமீன் வாங்குவாள். வீதியின் மற்றப் பக்கம் நெல் அடித்துக்கொண்டிருந்த களத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

அதே நேரம் கதிர்காமனின் துணி அசைந்தது. ஒரு நீல வேன். ஜவுபர் அமத்தினார். வேன் வருகிற சத்தத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது, இது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் என்று. பாலம்மா வீதியில் காலை வைத்தாள். இரண்டையும் அவர் ஒரே பார்வையில் கண்டார். எழும்பியிருக்கலாம். எழும்பிப் பத்து அடி ஓடி வீதிக்கு வந்து கையை விரித்திருந்தால், அந்த உடுப்பைக் கண்டு எந்தச் சாரதியும் பிறேக்கை அமத்தியிருப்பான். ஆனால் மாதக்கணக்காக அவருடைய உடம்பு பழகியிருந்தது இருந்த இடத்திலேயே இருப்பதற்கு, இரண்டாம் தரம் அமத்துவதற்கு. அமத்தினார். எட்டு செக்கன்.

வேன் தாண்டியது. சத்தம் கேட்டது.

அவர் ஓடியபோது கடிகாரம் கையிலேயே இருந்தது. மீன்கள் வீதி முழுவதும் சிதறிக் கிடந்தன. பாலம்மாவுக்கு உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வேன் நிற்காமல் போய்விட்டது; நம்பரை மட்டும் அவர் கண்டிருந்தார். களத்திலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து அவளைத் தூக்கி ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினார்கள். போகும் வழியெல்லாம் ஜவுபர் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தார். அவள் ஒரே ஒரு தரம்தான் வாய் திறந்தாள்: “கூடை எங்க?”

காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஜவுபர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸுல்பிகா கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டிருந்தாள். பாலம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். 

“பொலிசையா, கதிர்காமன் சொன்னான், நீங்க அண்டைக்கு அந்த மரத்தடியிலதான் இருந்த எண்டு.”

“ஓம், இருந்தன்.”

“வேன் வாறதக் கண்டீங்களா?”

“கண்டன்.”

“என்னயும் கண்டீங்களா?”

“ஓம்.”

“ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.”

அவளுடைய குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு ஏன் பிழைத்தது என்று கேட்பதுபோலக் கேட்டாள். ஜவுபர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “போட்டிருக்கலாம். போடல்ல. எண்ணிக்கொண்டிருந்துட்டன்” என்றார். கஞ்சியை நீட்டினார். பாலம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

நீல வேனின் சாரதி நல்ல வழக்கறிஞரைப் பிடித்திருந்தான். கிழவி குறுக்கே ஓடினாள், வேன் மெதுவாகத்தான் வந்தது, நிற்காமல் போனது சனத்துக்குப் பயந்து என்றெல்லாம் வாதம். களத்தில் நின்றவர்கள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் வேன் பறந்தது என்றார். ஒருவர் சாதாரண வேகம் என்றார். மற்றவர் தான் குனிந்து நின்றதாகச் சொன்னார். கடைசியில் ஜவுபர் கூண்டில் ஏறினார். தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு, குறிப்புப் புத்தகத்தில் எழுதிய மணி இவ்வளவு என்று சொன்னார். வழக்கறிஞர் எவ்வளவோ குடைந்து பார்த்தார். எட்டு செக்கன் எட்டு செக்கனாகவே நின்றது. நீதவான் தண்டித்தார். சாரதியின் அனுமதிப்பத்திரமும் போயிற்று.

வெளியே வந்ததும் கனகசபாபதி சொன்னார்: “பாத்தீங்களா ஜவுபர், அந்த மணிக்கூடு இல்லாட்டி இண்டைக்கு அவன் சிரிச்சிக்கொண்டு போயிருப்பான்.”

“ஓம் சேர். அது உண்மைதான்” என்றார் ஜவுபர். “ஆனா நான் றோட்டில நிண்டிருந்தா இந்த வழக்கே வந்திருக்காது.”

கனகசபாபதி ஜீப்பில் ஏறினார். மறுநாள் ஜவுபர் தானாகவே அவருடைய அறைக்குப் போனார். இருபது வருட உத்தியோகத்தில் கூப்பிடாமல் போனது அதுதான் முதல் தரம். கேட்டது இதுதான்: கடிகாரம் இருக்கட்டும், ஆனால் தான் உடுப்போடு வீதி ஓரத்தில் வெளியே நிற்க வேண்டும், பாலத்தடியில் இன்னொருவர் நின்று, வேகமாக வருகிறவனை அந்த இடத்திலேயே மறிக்க வேண்டும்.

“வழக்குக் குறையும்.”

“குறையட்டும் சேர்.”

“மேலிடத்தில என்னக் கேப்பாங்க.”

“அப்ப விபத்துப் புத்தகத்தயும் சேத்துக் காட்டுங்க.”

கனகசபாபதி அவரை வேலைக்குப் போகச் சொன்னார். ஆனால் கோடு போட்டு எழுதுகிற மனுஷன் அல்லவா? இரண்டு மாதம் ஜவுபரை வெளியே நிறுத்திப் பார்த்தார். வழக்கு ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் ஒரு விபத்தும் இல்லை. ஆனால் ஒரு மைல் தள்ளி, யாரும் நிற்காத வளைவில் இரண்டு நடந்தன. அடுத்த இரண்டு மாதம் திரும்ப ஒளிந்திருக்கச் சொன்னார், இடத்தை அடிக்கடி மாற்றி. வளைவில் குறைந்தது, பாலத்தடியில் கூடியது. இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரு பின்னேரம் முழுவதும் பார்த்தார்கள்.

“நீங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரிபோலத்தான் கிடக்கு” என்றார் கனகசபாபதி. அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கு முடிவானது இதுதான்: பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரங்களில் ஜவுபர் சந்தியில் நிற்பது. மற்ற நேரத்தில் சில நாள் வெளியே கடிகாரத்தோடு, சில நாள் மறைவில். எந்த நாள் எது என்று காலையில் பொலிஸ் நிலையத்தில்தான் தெரியும். மறைவில் இருந்தாலும், வீதியில் ஆளைக் கண்டால் எண்ணுவதை விட்டுவிட்டு எழும்ப வேண்டும் என்பதையும் ஜவுபர் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. இரண்டு தரம் அவர் அப்படி எழும்பினார். இரண்டு தரமும் வழக்குத் தவறியது.

அந்தக் காலத்தில் மீராசாஹிபுவை அவர் ஒரு நாள் சந்தியில் மறித்தார். வேகம் ஒன்றும் இல்லை. கதவோரம் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கதவடிக்குப் போய், “இவங்கள உள்ளுக்கு எடு. ஒன்ட ராத்தா ரெண்டு பெருநாளா ஒனக்கு வட்டிலப்பம் எடுத்துவெச்சி எறும்புக்குத்தான் குடுக்கிறா” என்றார். மீராசாஹிபு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழமை வீட்டுக்கு வந்தான். வழக்கைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, இவரும் கதைக்கவில்லை. வேகத்தை அவன் முழுக்க விட்டான் என்றும் சொல்ல முடியாது.

1983 முடிவில் கனகசபாபதிக்கு மாற்றம் வந்தது. அதற்குப் பிறகு நாடு போன போக்கில் வீதி விபத்தைப் பற்றி யோசிக்க எந்த நிலையத்துக்கும் நேரம் இருக்கவில்லை. வாசலில் மணல் மூட்டைகள் அடுக்கினார்கள். போக்குவரத்துக்கு என்று இருந்தவர்களையெல்லாம் காவலுக்குப் போட்டார்கள். சந்தி வெறுமையாகிக் கிடந்தது. இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வேன்கள் முன்னையைவிட வேகமாக ஓடின; ஏறியிருந்தவர்களும் ஓடு ஓடு என்றார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு நின்றபடி ஜவுபர் அந்தச் சத்தங்களைக் கேட்டார். எது எட்டு, எது பத்து என்று அவருடைய காது தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் நிறைந்ததும் 1986இல் ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

சாய்ந்தமருதில் அவரோடு அஸர் தொழுகைக்குப் பிறகு இருந்து கதைக்கிற சிலர் அந்த மருத மரக் கதையை எடுப்பார்கள். கடிகாரம் நல்லதா, ஆள் நிற்பது நல்லதா என்று கேட்பார்கள். ஜவுபர் ஒரே பதிலைச் சொல்லமாட்டார். “நான் நிண்டா, நான் நிக்கிற இடம் மட்டும்தான் நல்லா இரிந்த. அதிலயும் மச்சானுக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டம். மணிக்கூடு எல்லாருக்கும் ஒண்டுதான். ஆனா அது ஒருத்தரயும் புடிச்சி நிப்பாட்டினதில்ல” என்பார். இன்னும் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

பாலம்மா ஊன்றுகோலோடு நடக்கப் பழகி, காரைதீவில் கருவாடு விற்கத் தொடங்கியிருந்தாள். சந்தியோரத்தில் நல்ல இடம் கிடைத்தும் வேண்டாம் என்று, உள்வீதியில் மகளின் வீட்டு வேலியோடு ஒரு தட்டி கட்டி இருந்தாள். ஓய்வுக்குப் பிறகு ஜவுபர் மாதத்தில் ஒரு தரமாவது சைக்கிளில் அங்கே போவார். ஸுல்பிகாவுக்குப் பிடித்த கட்டாக் கருவாடு இருக்கிறதா என்று கேட்பார். இல்லாத நாளில் அவள் அடுத்த புதனுக்கு வரச் சொல்வாள். அவரும் போவார்.